அரசு வளர்த்த பிள்ளைகள்: எல்லா நாட்டு அறிக்கையும் ஒரே மாதிரி இருப்பது ஏன்?

#1 நூலகப்பூனை

மூன்று மாதமாக ஒரு வேண்டாத வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரசு நேரடியாகவோ பணம் கொடுத்தோ வளர்த்த பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று விசாரித்த ஆணையங்களின் அறிக்கைகளை வரிசையாகப் படிக்கிறேன். ஆஸ்திரேலியா (1997, 2004), அயர்லாந்து (2009), கனடா (2015), கடைசியாக நியூசிலாந்து (2024). முழுக்கப் படித்தேன் என்று புளுக மாட்டேன். அயர்லாந்து அறிக்கை மட்டுமே ஐந்து தொகுதி. ஆனால் படித்த வரைக்கும் ஒன்று உறுத்துகிறது. ஊர்ப் பெயர்களை அழித்துவிட்டுக் கையில் கொடுத்தால் எது எந்த நாட்டு அறிக்கை என்று என்னால் சொல்ல முடியாது.

நியூசிலாந்து ஆணையத்தின் கணக்கு இது: 1950 முதல் 2019 வரை அரசு மற்றும் மத நிறுவனங்களின் பராமரிப்பில் இருந்தவர்கள், பிள்ளைகளும் துணை தேவைப்பட்ட பெரியவர்களுமாக, சுமார் 6,55,000 பேர். அவர்களில் 2 லட்சம் பேர் வரை வதைபட்டிருக்கலாம். லேக் ஆலிஸ் மனநல மருத்துவமனையில் 1970களில் பிள்ளைகளுக்குத் தண்டனையாக மின்னதிர்ச்சி கொடுத்திருக்கிறார்கள். அது சித்திரவதைதான் என்று அரசு வாய்திறந்து ஒப்புக்கொள்ள 2024 ஆகிவிட்டது.

"கெட்டவர்கள் கையில் சிக்கினார்கள்" என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அப்படிப் படவில்லை. இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று வரும் பணம். அயர்லாந்தின் தொழிற்பள்ளிகளுக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படிதான் மானியம். கட்டில் காலியானால் வருமானம் போச்சு. கனடாவின் கியூபெக் மாகாணக் கதை இன்னும் மோசம். டுப்ளெசி முதல்வராக இருந்த காலத்தில் அனாதை இல்லத்துப் பிள்ளைக்கு வந்த தினப்படியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மனநோயாளிக்கு வந்தது. பிறகென்ன, நல்ல புத்தியோடு இருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காகிதத்தில் மனவளர்ச்சி குன்றியவர்கள் ஆனார்கள். 1950களின் நடுவில் மோன் ப்ராவிடான்ஸ் என்ற பள்ளிக்கூடமே மனநல விடுதியானது. பாடம் நின்றது. கட்டடமும் பிள்ளைகளும் அதேதான், பெயர்ப்பலகைதான் வேறு.

இரண்டாவது, கோப்பு. பெற்றவர்கள் செய்கிற வேலையில் பாதி ஞாபகம் வைத்திருப்பதுதான். எந்தப் பல் முதலில் ஆடியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இருட்டில் எதைப் பார்த்துப் பயம். அரசு அப்பா அம்மா ஆகும்போது அந்த ஞாபகமெல்லாம் ஃபைலுக்குப் போகிறது. ஃபைல் பொய் சொன்னால்? பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட பிள்ளைகள் பலரிடம் "உன் பெற்றோர் செத்துப்போனார்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். பலருக்குத் தாய் உயிரோடு இருந்தார். நாட்டிங்ஹாம் சமூகப் பணியாளர் மார்கரெட் ஹம்ப்ரீஸ் 1987இல் ஓர் அறக்கட்டளை தொடங்கித் தேடிய பிறகுதான் இது பெரிதாக வெளியே வந்தது. பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2010இல். அதற்குள் அந்தத் தாய்மார்களில் எத்தனை பேர் மிச்சமிருப்பார்கள்?

இந்தத் துறை தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தனி மனிதர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பழுது எங்கே?

#2 நேர்கோடு

நீங்கள் அடுக்கியதில் முக்கால்வாசி ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய கதை. சரி, மறுபக்கத்தையும் பாருங்கள். லண்டன், 2000. விக்டோரியா க்ளிம்பியே, எட்டு வயது. சொந்தக்காரியின் பொறுப்பில் இருந்தபோது வதைபட்டுச் செத்தாள். உடம்பில் 128 காயம். போலீஸ், ஆஸ்பத்திரி, சமூக நலத்துறை எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அங்கிருந்து தூக்கிக்கொண்டு வரவில்லை.

தூக்கி வந்தால் குடும்பத்தைப் பிரித்தான் என்பீர்கள். விட்டுவிட்டால் கைகழுவினான் என்பீர்கள். அந்த நாற்காலியில் நீங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

#3 கடலோடி

கையால் சோறு ஊட்டியதற்கே நார்வேக்காரன் நம்ம ஆட்கள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனானே, அதை யாரும் சொல்லவில்லையே? வெள்ளைக்காரன் நாட்டில் குழந்தை அரசாங்கச் சொத்து. அவ்வளவுதான் விஷயம்.

#4 நூலகப்பூனை

கடலோடி, 2011 வழக்கைச் சொல்கிறீர்கள். ஊட்டியதுதான் காரணம் என்பது பெற்றோர் தரப்பு சொன்னது, நார்வே அதிகாரிகள் அதை மறுத்தார்கள். ரகசியக் காப்புச் சட்டத்தைக் காட்டி உண்மையான காரணத்தை விவரமாகச் சொல்லவும் மறுத்தார்கள். அதனால் நமக்குத் தெரிந்தது ஒரு பக்கக் கதை மட்டும். குழந்தைகள் 2012இல் இந்தியா வந்து, 2013இல் நீதிமன்ற உத்தரவால் தாயிடம் சேர்ந்தார்கள்.

ஆனால் நார்வே மேல் குற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்ட்ராண்ட் லோபென் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2019 செப்டம்பரில் நார்வேக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தாய்க்கும் மகனுக்கும் வருஷத்தில் ஒரு சில சந்திப்புதான், அதுவும் மேற்பார்வையில். பிறகு அந்தக் குழந்தையைத் தத்துக் கொடுத்தும் விட்டார்கள். வேர் பிடிக்காதபடி பிடுங்கிப் பிடுங்கி நட்டுவிட்டு, செடி ஏன் வேர்விடவில்லை என்று கேட்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது. அதன் பிறகு இதே மாதிரி வழக்குகள் வரிசையாக வந்து பலவற்றில் நார்வே தோற்றது. ஆக, வெள்ளைக்காரன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி இதைக் கடக்காதீர்கள். அங்கே வழக்குப் போட்டவர்களில் அந்நாட்டுப் பெற்றோரும் பலர்.

நேர்கோடு, க்ளிம்பியேவைச் சொன்னது நியாயம். மறுக்கவில்லை.

#5 தரவுக்கிறுக்கன்

கோப்பு, பணம் எல்லாம் சரி. ஆனால் அடி உதை எதுவுமே இல்லாத, பணத்தையும் யாரும் திருடாத, சுத்தமான இல்லம் ஒன்று இருந்தால் அதில் குழந்தை நன்றாக வளருமா? இதற்கு விடை இருக்கிறது, ருமேனியாவில்.

அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். மக்கள்தொகையைப் பெருக்க வேண்டுமாம். வளர்க்க முடியாதவர்கள் அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ளே. வெளியாட்கள் முதலில் கவனித்த விஷயங்களில் ஒன்று சத்தமின்மை. வரிசை வரிசையாகக் கட்டில், ஆனால் அழுகை இல்லை. அழுது யாரும் வராத இடத்தில் குழந்தை எத்தனை நாள்தான் அழும்?

2000 வாக்கில் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூவர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் இருந்த இடத்தில். அப்படி ஒரு வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அங்கே பேருக்குத்தான் இருந்தது, இவர்கள்தான் ஆட்களைத் தேடிப் பிடித்து உருவாக்கினார்கள். 2007இல் முடிவு வெளியானது. குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுவளர்ச்சி தெளிவாக முன்னே. அதிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் மற்றவர்களைவிட முன்னே.

அங்கே குழந்தைகளைப் பட்டினி போட்டதால் மட்டும் வந்த வினை இல்லை இது. ஒரு ஷிஃப்டில் ஒரு கை, அடுத்த ஷிஃப்டில் வேறு கை. குழந்தை ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்வதற்குள் அந்த முகம் வீட்டுக்குப் போய்விடும். ருமேனியா பிறகு, கடுமையான ஊனம் உள்ளவர்களைத் தவிர, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை இல்லத்தில் சேர்ப்பதையே சட்டம் போட்டு நிறுத்தியது.

(குலுக்கிப் போட்டார்களே, இது தர்மமா என்று யாராவது கேட்பீர்கள். அந்த ஆய்வாளர்களும் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இல்லத்தில் தங்கிய குழந்தைக்கு இடையில் குடும்பம் கிடைத்தால் தடுப்பதில்லை என்பது விதி. ஆனாலும் எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.)

#6 இரவுப்பணி

பதினொரு வருஷம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்த்தேன். பாதி நாள் இரவு ஷிஃப்ட். தரவுக்கிறுக்கன் சொல்கிற "வீட்டுக்குப் போய்விடும் முகம்" நான்தான்.

எங்களிடம் ஒரு நாட்குறிப்பு நோட்டு இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு இரவும் ஒரு வரி எழுத வேண்டும். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது நோட்டு முடிந்திருக்க வேண்டும். ஏழு மணி என்பது பன்னிரண்டு பேரை எழுப்பி, குளிக்க அனுப்பி, காணாமல்போன ஒற்றைக் காலுறையைத் தேடுகிற நேரம். எழுத எங்கே நேரம்? அதனால் நான் பதினொரு மணிக்கே எழுதி வைத்துவிடுவேன்: "இரவு அமைதியாகக் கழிந்தது." பன்னிரண்டு தடவை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்காவும் அப்படித்தான் செய்வார். இரவு கழிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலேயே அது அமைதியாகக் கழிந்துவிடும்.

ஒரு பிள்ளை விடிய விடிய ஜன்னல் ஓரம் நின்றிருப்பாள். அடிப்பது, உடைப்பது, ஓடுவது எதுவும் கிடையாது. அப்படி ஏதாவது செய்திருந்தால் சம்பவப் படிவம் நிரப்பியிருப்பேன், அது நாலு பக்கம், மேலே போகும், யாராவது வந்து கேட்பார்கள். அவள் சும்மா நின்றாள். சும்மா நிற்பதற்குப் படிவம் இல்லை. இரண்டு வருஷம் அவளுடைய எல்லா இரவும் நோட்டில் அமைதியாகத்தான் கழிந்தன.

இன்னொன்றும் சொல்கிறேன். கட்டிப்பிடிக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. பழைய கொடுமைகளுக்குப் பிறகு வந்த விதி, காரணம் நல்ல காரணம். ஆறு வயசுப் பையன் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கையை விரித்து ஓடி வரும்போது பக்கவாட்டில் தோளில் தட்டிக்கொடுக்க வேண்டும். நான் விதியை மீறியிருக்கிறேன். மீறாத நாட்களும் உண்டு, கேமரா இருந்த இடத்தில்.

நேர்கோடு சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டைவிட இங்கே நிம்மதி என்று என்னிடமே சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தூங்க முடிகிறது என்றாள் ஒருத்தி. அவளை அந்த வீட்டிலிருந்து எடுத்தது சரிதான். எடுத்த பிறகு என்ன என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

#7 நேர்கோடு

இரவுப்பணி, இதற்குப் பதில் எழுத எனக்கு நேரம் எடுத்தது. நோட்டு விஷயம் நினைத்துப் பார்க்காதது.

ஆனாலும் கேட்கிறேன். இல்லம் வேண்டாம், குடும்பம் வேண்டும் என்கிறார் தரவுக்கிறுக்கன். வளர்ப்புக் குடும்பம் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? நான்கு சுவருக்குள் ஒரே ஒரு குடும்பம், இல்லத்திலாவது நாலு பேர் கண் இருக்கும்.

#8 பழஞ்சுவடி

நேர்கோடு கேட்டதற்கு 1945இல் பதில் கிடைத்துவிட்டது, கொடுமையான பதில்.

டென்னிஸ் ஓநீல், பன்னிரண்டு வயது. வேல்ஸ் பக்கம் நியூபோர்ட் நகராட்சி அவனையும் தம்பியையும் பெற்றோரிடமிருந்து எடுத்து, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டில் வளர்க்க விட்டது. 1945 ஜனவரியில் அடியும் பட்டினியுமாகச் செத்துப்போனான். பையன் யார் பொறுப்பு? எடுத்த நகராட்சியா, வீடு இருக்கும் மாவட்டமா? அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர்கள், இவர்கள் பார்ப்பார்கள் என்று அவர்கள். வளர்ப்புத் தகப்பனுக்கு ஆறு வருஷ ஜெயில்.

போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலேயே இது பெரிய கொந்தளிப்பானது. மாங்க்டன் விசாரணை, 1946இல் கர்ட்டிஸ் குழு அறிக்கை, 1948இல் குழந்தைகள் சட்டம். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் குழந்தைகள் அலுவலர் என்று ஒருவர் வேண்டும் என்றது. கர்ட்டிஸ் குழு எதிர்பார்த்தது, பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரிந்த ஓர் ஆள். நூலகப்பூனை சொன்ன ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலைக்கு ஓர் ஆளையே நியமித்துப் பார்த்தார்கள். கொஞ்ச காலம் அது ஓரளவு நடக்கவும் செய்தது. 1970க்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரே பெரிய சமூக சேவைத் துறையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம், "பழைய கதை" என்றீர்களே. பீகாரில் 110 காப்பகங்களை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று தணிக்கை செய்து 2018இல் அறிக்கை கொடுத்தது. முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமை அப்படித்தான் வெளியே வந்தது. அரசுப் பணத்தில் நடந்த இல்லம். அதிகாரிகள் அங்கே போகாமல் இல்லை, போய்ப் பதிவேட்டைப் பார்த்தார்கள். இந்தக் குழு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. 2020 ஜனவரியில் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது டெல்லி நீதிமன்றம். இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டத்தில், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியே இருக்கிறது.

பணமும் பழைய கதை இல்லை. இங்கிலாந்தில் இப்போது குழந்தைகள் இல்லங்களில் பெரும்பாலானவை தனியார் கையில். பெரிய நிறுவனங்களின் லாபம் சராசரியாக 22.6 விழுக்காடு என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2022இல் சொன்னது. சொந்தப் பகுதியில் இடம் இல்லாமல் பிள்ளைகளை எங்கெங்கோ தூரத்துக்கு அனுப்புகிறார்கள். வீடு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இல்லம் திறந்தால் வேறென்ன ஆகும்? வேல்ஸ் மட்டும் இதில் லாபமே கூடாது என்று 2025இல் சட்டம் போட்டுவிட்டது.

அமெரிக்காவில் நடந்தது இதைவிட நூதனம். அப்பாவோ அம்மாவோ செத்தால் பிள்ளைக்கு சமூகப் பாதுகாப்புப் பணம் வரும். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் சார்பில் மாநில அரசே விண்ணப்பித்து, வாங்கி, "உன்னை வளர்த்த செலவு" என்று கழித்துக்கொள்ளும். உச்சநீதிமன்றம் 2003இல் இது செல்லும் என்றது. பத்திரிகைகள் 2021இல் தோண்டி எழுதிய பிறகுதான் பல மாநிலங்கள் வெட்கப்பட்டு விதியை மாற்றத் தொடங்கின. செத்துப்போன அப்பா விட்டுப்போன காசை எடுத்துப் பிள்ளைக்கே பில் போடுகிற பெற்றோரை நாம் என்ன சொல்வோம்?

#9 இரண்டாம்மொழி

ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன். இன்றைக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழை நான் இரண்டு தடவை கற்றவன். முதல் தடவை அம்மாவிடம். இரண்டாவது தடவை இருபத்துமூன்று வயதில், வகுப்புக்குப் போய்.

நாட்டைச் சொல்ல விரும்பவில்லை. ஐந்து வயதில் என்னை எடுத்தார்கள். அம்மாவுக்கு மனநலம் சரியில்லை, வேறு யாரும் இல்லை. எடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு பதினெட்டு வயதுவரை ஏழு வீடு, இரண்டு இல்லம்.

வீடு மாறும்போது சாமானைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். இதை எந்த நாட்டில் வளர்ந்தவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். பெட்டி வாங்கித் தர யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அவசரம். கார் டிக்கியில் அந்தப் பையும், குப்பையில் போட வேண்டிய இன்னொரு பையும் ஒன்றாகக் கிடந்தன ஒருமுறை. இறங்கும்போது மாற்றி எடுத்துவிட்டோம். என்னுடையது எங்கே போனது என்று தெரியாது. அதில் அம்மாவின் துப்பட்டா ஒன்று இருந்தது. புது வீட்டில் நான் பையைத் திறந்தபோது பழைய செய்தித்தாள். யார் மேலும் கோபப்படத் தெரியவில்லை எனக்கு. எட்டு வயது.

முப்பது வயதில் என் கோப்பைக் கேட்டு எழுதினேன். பதினான்கு மாதம் ஆனது. பெரிய கட்டு. பாதிப் பக்கம் கறுப்பு அடித்திருந்தது, "மூன்றாம் நபர் விவரம்" என்று. மூன்றாம் நபர் என்றால் என் அம்மா.

படிக்கப் படிக்கச் சின்னச் சின்னது கிடைத்தது. ஒன்பது வயதில் என் கால் அளவு எனக்குத் தெரியும் இப்போது. செருப்பு வாங்கிய ரசீது ஒட்டியிருந்தது. அந்த வயதில் என் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ரசீது இருக்கிறது.

முதல் பக்கத்தில் "தாய்மொழி" என்ற கட்டத்தில் "இந்தியன்" என்று எழுதியிருந்தது. அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை, பதின்மூன்று வருஷம்.

முதல் வீட்டு வளர்ப்புத் தாய் தினமும் குறிப்பு எழுதியிருக்கிறார். நல்ல அம்மா அவர், கையெழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும். இரண்டாம் வாரக் குறிப்பு ஒன்று. நான் ராத்திரியில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேனாம். காதில் விழுந்தபடி அவர்கள் எழுத்தில் எழுதியிருந்தார். போணும், போணும். கீழே அவரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இது அவனுடைய பொம்மையின் பெயரா? அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லவும்.

அலுவலகத்திலிருந்து பதில் இருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருட்களின் பட்டியலில் பொம்மை எதுவும் இல்லை என்று.

#10 நூலகப்பூனை

இதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி மட்டும் சொல்கிறேன்.

#11 தரவுக்கிறுக்கன்

இரண்டாம்மொழி, உங்கள் பதிவைப் படித்ததும் கிரீன்லாந்து ஞாபகம் வந்தது. 1951இல் டென்மார்க் 22 கிரீன்லாந்துப் பிள்ளைகளைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனது, "குட்டி டேனிஷ்காரர்கள்" ஆக்கிப் பார்க்க. சிலரை அங்கேயே தத்துக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்களை வீட்டுக்கு விடாமல் இல்லத்தில் வைத்தார்கள், டேனிஷ் மறந்துவிடக் கூடாதாம். பெற்ற தாய் எதிரே நிற்கிறார், பேசுவதற்கு மொழி இல்லை. டென்மார்க் மன்னிப்புக் கேட்டது 2020இல். 2022இல் நஷ்டஈடு கொடுக்கும்போது உயிரோடு இருந்தவர்கள் ஆறு பேர்.

அதோடு முடியவில்லை. டென்மார்க்கில் வாழும் கிரீன்லாந்துப் பெற்றோரிடமிருந்து குழந்தையை எடுக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு "பெற்றோர் தகுதி" உளவியல் சோதனை வைத்திருந்தார்கள். அவர்கள் மொழிக்கும் பழக்கத்துக்கும் பொருந்தாத சோதனை என்று பல வருஷமாகப் போராட்டம். 2025 மே மாதம்தான் அவர்களுக்கு அதை நிறுத்தினார்கள்.

கனடாவில் 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி, 15 வயதுக்கு உட்பட்டவர்களில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 விழுக்காடு. வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளில் அவர்கள் 53.8 விழுக்காடு. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகள் மூடிவிட்டன, வாசல் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அவர்கள் பகுதிக் குழந்தை நலச் சேவைக்கு அரசு குறைவாகப் பணம் ஒதுக்கியது பாகுபாடுதான் என்று அந்நாட்டு மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் சொன்னது. அப்போது வீட்டில் வைத்து உதவ ஒதுக்கீடு குறைவாக இருந்தது, எடுத்துப்போய் வைத்தால் செலவு திரும்பக் கிடைத்தது. நூலகப்பூனையின் "தலைக்கு இவ்வளவு" இங்கேயும் வருகிறது பாருங்கள்.

#12 கடலோடி

என் முந்தைய பதிவை அழிக்கலாமா? கொஞ்சம் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன்.

#13 மட்டுறுத்துநர்

அழிக்க வேண்டாம், பதில் பதிவுகள் தொங்கிவிடும். எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: இப்போது பராமரிப்பில் இருக்கும் பிள்ளை யாரையும் அடையாளம் காட்டும் விவரம் இங்கே போடாதீர்கள்.

#14 இரவுப்பணி

இரண்டாம்மொழி தம்பி, இரண்டு நாளாக உங்கள் பதிவைத் திறந்து திறந்து மூடுகிறேன். நான் எழுதிய நோட்டுகளும் எங்கேயோ ஓர் அலமாரியில் இருக்கும். அந்த ஜன்னல் பெண்ணுக்கு இப்போது முப்பதுக்கு மேல் ஆகியிருக்கும். அவள் கேட்டு வாங்கிப் படித்தால் அவளுக்குக் கிடைக்கப்போவது "இரவு அமைதியாகக் கழிந்தது", எழுநூறு தடவை.

#15 மாலைநேரம்

புது உறுப்பினர். நானும் ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். கோப்பு என்று ஒன்று இருக்கும், அதைக் கேட்கலாம் என்பதே இந்த இழையில்தான் தெரிந்தது. எப்படிக் கேட்டீர்கள்? வக்கீல் வேண்டுமா?

#16 இரண்டாம்மொழி

வக்கீல் இல்லாமல்தான் கேட்டேன். விதி நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"என் கோப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். முதன்மைக் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு முடிந்தது என்பார்கள். வளர்ப்புக் குடும்பத்தின் தினக் குறிப்பு, இல்லத்தின் நாட்குறிப்பு நோட்டு, சம்பவப் படிவம், மருத்துவக் கோப்பு, பள்ளிக் கோப்பு, கடிதம், புகைப்படம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு வந்து கொடுக்காமல் வைத்த கடிதம்கூட இருக்கலாம். எனக்கு இரண்டு இருந்தன. இல்லம் மூடியிருந்தால் அதை நடத்தியவர்கள் யார் என்று தேடிப் பிடித்து அவர்களுக்கும் எழுத வேண்டும். சில நாடுகளில் இதற்கென்றே உதவும் அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் பெயரைத் தப்பான எழுத்தில் எழுதியிருப்பார்கள், எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ அத்தனையையும் குறிப்பிடுங்கள். கறுப்பு அடித்திருந்தால் பக்கம் பக்கமாகக் காரணம் கேட்கலாம். நான் இரண்டாவது தடவை கேட்டபோது பதினோரு பக்கம் திறந்து கொடுத்தார்கள்.

வந்ததும் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். கூட யாராவது இருக்கட்டும், பேசாமல் இருந்தால்கூடப் போதும்.

கறுப்புப் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் இருப்பது தெரியும் என்று யாராவது சொல்வார்கள். தெரியாது. நகல் எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நான் எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன்.